ஜி. டி. நாயுடு

ஜி. டி. நாயுடு என்று பரவலாக அறியப்படும் கோபால்சாமி துரைசாமி நாயுடு (மார்ச் 23, 1893 – சனவரி 4, 1974) தமிழ்நாட்டின் கோயம்புத்தூரைச் சேர்ந்த கண்டுபிடிப்பாளர், தொழிலதிபர், கல்வியாளர் ஆவார். இந்தியாவின் எடிசன் என்ற அடைமொழியாலும் இவர் குறிப்பிடப்படுகிறார். தொடக்கப்பள்ளிக் கல்வியைக் கூட முழுமையாக முடிக்காத இவர், இயந்திரங்களைப் பிரித்தும் மீண்டும் பூட்டியும் பொறியியலைத் தாமே கற்றுக்கொண்டார். பேருந்துப் போக்குவரத்து, மின்னோடி உற்பத்தி, மின்சவரக் கருவி, வானொலி, வேளாண்மை ஆராய்ச்சி, தொழிற்கல்வி எனப் பல துறைகளில் இவர் ஈடுபட்டார்.

கையேடோ வரைபடமோ கிடைக்காத ஓர் இயந்திரத்தைப் பழுதுபார்ப்பது எப்படி என்னும் கேள்விக்கு இவருடைய வாழ்க்கை ஒரு விடையாக அமைந்தது. அந்த விடை எதுவரை செல்லும் என்பது, இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் போன்ற நூற்பாலை ஊர்களில் பழைய மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பழுதுபார்ப்போர் இன்று எதிர்கொள்ளும் சிக்கலாகும். அது இக்கட்டுரையின் பிற்பகுதியில் விளக்கப்படுகிறது.

பிறப்பும் இளமையும்

நாயுடு கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் ஒரு வேளாண் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் பெயர் கோபால்சாமி நாயுடு. இளம் பருவத்திலேயே தாயை இழந்த இவர் தாய்மாமன் வீட்டில் வளர்ந்தார். பள்ளிப் படிப்பில் இவருக்கு நாட்டம் ஏற்படவில்லை. மூன்றாம் வகுப்புடன் படிப்பு நின்றது. எனினும் படிப்பதை இவர் நிறுத்திவிடவில்லை. நிலத்தில் வேலை செய்துகொண்டே கையில் கிடைத்த தமிழ் நூல்களைத் தாமே படித்துவந்தார். பிற்காலத்தில் தொழில்நுட்பச் செய்திகளை ஆர்வத்துடன் தேடிப் படிக்கும் பழக்கம் இவருக்கு இவ்வாறே அமைந்தது எனலாம்.

ரட்ஜ் மோட்டார் மிதிவண்டி

இவருடைய வாழ்க்கையைத் திசைதிருப்பியது ஒரு மோட்டார் மிதிவண்டி. கலங்கல் பக்கம் வந்த ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ரட்ஜ் என்னும் நிறுவனத்தின் வண்டியில் வந்தார். மாடோ குதிரையோ இழுக்காமல் தானே ஓடும் வண்டியை இளைஞர் துரைசாமி அதற்கு முன் கண்டதில்லை. அத்தகைய வண்டி ஒன்றைச் சொந்தமாக்கிக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்துடன் இவர் கோயம்புத்தூருக்குச் சென்றார். அங்கே ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் சேர்ந்து, சம்பளத்தைச் சில ஆண்டுகள் சேமித்து, ஒரு மோட்டார் மிதிவண்டியை விலைக்கு வாங்கினார்.

வாங்கியபின் செய்த செயலே முக்கியமானது. இவர் அதை ஓட்டிப் பார்த்ததோடு நிற்காமல் முழுவதும் பிரித்துப் போட்டார். ஒவ்வொரு பாகமும் எதனுடன் சேர்கிறது, எது அசைந்தால் எது அசைகிறது என்று பார்த்து, மறுபடியும் பூட்டினார். அந்நாளில் இத்தகைய வண்டிகளைப் பற்றித் தமிழில் நூல் எதுவும் இல்லை. ஆங்கிலக் கையேடு கிடைத்திருந்தாலும் மூன்றாம் வகுப்புப் படித்தவருக்கு அது பயன்பட்டிராது. ஆனால் உள்ளெரி பொறியில் எரிபொருள் செல்லும் வழி, தீப்பொறி பிறக்கும் இடம், உந்துதண்டின் அசைவு யாவும் கண்ணால் பார்த்துக் கையால் தொட்டு அறியக் கூடியவை. பொருளின் வடிவத்திலேயே அதன் செயல்முறை எழுதப்பட்டிருந்தது. இவ்வாறு கற்றதே நாயுடு ஒரு மெக்கானிக்காக உருவானதன் தொடக்கம்.

பருத்தி வணிகம்

முதல் உலகப்போர்க் காலத்தில் நாயுடு பருத்தித் தொழிலில் இறங்கினார். திருப்பூர்ப் பகுதியில் பருத்தி அரைவைத் தொழிலில் ஈட்டிய பொருளுடன் பம்பாய் சென்று பெரிய அளவில் பருத்தி வணிகத்தில் ஈடுபட்டார். அங்கே இழப்பு ஏற்பட்டது. கையிருப்பை இழந்து கோயம்புத்தூர் திரும்பினார். சந்தை விலையின் ஏற்ற இறக்கத்தை நம்பும் தொழில்களை அதன்பின் இவர் பெரிதும் நாடவில்லை.

பேருந்துப் போக்குவரத்து

கோயம்புத்தூரில் தேயிலை, காப்பி, நூற்பாலைத் தொழில்களை நடத்திவந்த சர் இராபர்ட் ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலேயரிடம் நாயுடு சென்று சேர்ந்தார். ஸ்டேன்ஸ் இவருடைய திறமையை அறிந்து, தவணை முறையில் ஒரு பேருந்தைப் பெற உதவினார். 1920ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அந்தப் பேருந்து ஓடத் தொடங்கியது. தொடக்கத்தில் நாயுடுவே ஓட்டுநர்.

சில ஆண்டுகளில் இத்தொழில் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யூ.எம்.எஸ்., என்ற பெயரில் வளர்ந்தது. 1930களில் இருநூற்றுக்கும் மேற்பட்ட பேருந்துகள் இந்நிறுவனத்தின் பெயரில் ஓடின என்பர். நேரம் தவறாமைக்கு இந்நிறுவனம் பெயர்பெற்றது. வண்டி ஒவ்வொரு நிலையத்திற்கும் வந்து சேரும் நேரத்தைப் பதிவு செய்யும் கருவியை நாயுடு அமைத்திருந்தார் என்றும் கூறுவர்.

பயணிகளின் கண்ணில் பட்டவை பேருந்துகள்தாம். ஆனால் நிறுவனத்தின் வலிமை அதன் பணிமனையில் இருந்தது. அந்நாளில் மோட்டார் வண்டிகள் யாவும் இறக்குமதியானவை. ஓர் உதிரிப்பாகம் உடைந்தால் கடல் கடந்து கடிதம் எழுதி, கப்பலில் அது வரும்வரை காத்திருக்க வேண்டும். அவ்வளவு நாள் வண்டி நின்றால் தொழில் நின்றுவிடும். எனவே உடைந்த பாகத்தை அளந்து, அதைப் போன்ற ஒன்றைப் பட்டறையிலேயே கடைந்து எடுக்கும் ஆள்கள் தேவைப்பட்டனர். யூ.எம்.எஸ். பணிமனை அத்தகையோரை உருவாக்கியது. இங்குப் பயின்றவர்கள் பின்னர் கோவையின் பிற பட்டறைகளுக்கும் சென்றனர். இன்று கோயம்புத்தூர் மோட்டாருக்கும் பம்புக்கும் பெயர்பெற்றிருப்பதற்கு 1926இல் தொடங்கப்பட்ட பி.எஸ்.ஜி. தொழிற்கூடத்துடன் இந்தப் பணிமனையும் ஒரு காரணமாகும்.

வெளிநாட்டுப் பயணங்கள்

நாயுடு 1932ஆம் ஆண்டில் முதன்முறையாக ஐரோப்பா, அமெரிக்கா ஆகிய இடங்களுக்குச் சென்றார். பின்னரும் பலமுறை சென்றார். இப்பயணங்களில் தொழிற்சாலைகளையும் பொருட்காட்சிகளையுமே இவர் மிகுதியாகப் பார்த்தார். கண்ணில் பட்ட கருவிகளை வாங்கிவந்து பிரித்துப் பார்ப்பதும் தொடர்ந்தது. ஒளிப்படக் கலையில் மிகுந்த ஆர்வம் உடையவர். இலண்டனில் நடைபெற்ற ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தை இவர் தாமே படமெடுத்தார். 1930களின் நடுவில் சட்டமன்றத் தேர்தலில் போட்டியிட்டுத் தோல்வியுற்றார். அரசியலில் இவருக்கு நிலைத்த இடம் அமையவில்லை.

மின்னோடி

பைக்காரா நீர்மின் திட்டம் 1930களின் தொடக்கத்தில் மின்சாரம் தரத் தொடங்கியதும் கோவை வட்டாரத்தில் நூற்பாலைகள் பெருகின. கிணறுகளில் மாடு கட்டிக் கவலை இறைத்த இடங்களுக்கும் மின்சாரம் எட்டத் தொடங்கியது. ஆலைகளுக்கும் கிணறுகளுக்கும் மின்னோடிகள் தேவைப்பட்டன. அவை வெளிநாட்டிலிருந்தே வந்தன.

1937ஆம் ஆண்டில் கோயம்புத்தூர் பீளமேட்டில் இருந்த நாயுடுவின் நேஷனல் எலக்ட்ரிக் வொர்க்ஸ் என்னும் தொழிற்கூடத்தில் மின்னோடி ஒன்று உருவாக்கப்பட்டது. இந்தியாவில் தயாரிக்கப்பட்ட முதல் மின்னோடி என இது குறிப்பிடப்படுகிறது. இதன் உருவாக்கத்தில் தி. பாலசுந்தரம் நாயுடு முக்கியப் பங்காற்றினார். இவரே பிற்காலத்தில் டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தொடங்கி நூற்பு இயந்திரங்களைக் கோவையிலேயே செய்தவர். நாயுடுவைப் பற்றிய செய்திகளில் பாலசுந்தரத்தின் பெயர் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. மின்னோடியின் பெருமை இருவருக்கும் உரியது.

மின்னோடியும் மோட்டார் மிதிவண்டியைப் போலவே திறந்து பார்த்து அறியத்தக்க பொருள். கம்பிச் சுற்றுகளின் எண்ணிக்கை, கம்பியின் பருமன், காடிகளின் அமைப்பு ஆகியவற்றை எண்ணி அளந்தால் அதைப்போல் இன்னொன்று செய்யலாம். எரிந்த மோட்டாரின் சுற்றுகளை எண்ணிக் குறித்துக்கொண்டு புதிதாகக் கம்பி சுற்றும் வேலையைத் தமிழ்நாட்டின் சிற்றூர்க் கடைகளிலும் இன்றும் காணலாம். அதற்கு எந்தக் கையேடும் தேவைப்படுவதில்லை.

பிற கண்டுபிடிப்புகள்

நாயுடுவின் கண்டுபிடிப்புகளில் வெளிநாடுகளில் மிகவும் அறியப்பட்டது ரேசண்ட் என்னும் சவரக் கருவி. உலர் மின்கலத்தால் இயங்கும் சிறு மோட்டார் பொருத்திய இக்கருவி செருமனியின் ஐல்பிரான் நகரில் தயாரிக்கப்பட்டது. மிக மெல்லிய சவர அலகுகள், ஒளிப்படக் கருவிக்கான தொலைவு சரிசெய்யும் அமைப்பு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் இயங்கும் விசிறி, முறைகேடு செய்ய இயலாத வாக்குப் பதிவு இயந்திரம் ஆகியவையும் இவருடைய ஆக்கங்களாகக் குறிப்பிடப்படுகின்றன.

1941ஆம் ஆண்டில் ஐந்து வால்வுகள் கொண்ட வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குத் தரமுடியும் என அறிவித்தார். 1952ஆம் ஆண்டில் இருவர் அமரும் சிறு மகிழுந்தை 2000 ரூபாய் விலையில் உருவாக்கினார். அதைத் தொழிலாக நடத்த அரசின் உரிமம் கிடைக்கவில்லை. உரிமமும் வரியும் இவருடைய முயற்சிகளுக்குத் தடையாக நின்றது ஒருமுறை மட்டும் அன்று. 1950களில், வரிக் கொள்கையைக் கண்டித்துத் தம் பட்டறையில் உருவான பொருள்களைப் பொதுமக்கள் முன்னிலையில் உடைத்து அழித்தார். இச்செயல் அக்காலத்தில் பலரால் பேசப்பட்டது. உடைக்கப்பட்டவை மாணவர்கள் பிரித்துப் பார்த்துக் கற்கப் பயன்பட்டிருக்கும் என்று வருந்தினோரும் உண்டு.

வேளாண்மையிலும் இவர் ஆய்வுகள் செய்தார். பருத்தி, மக்காச்சோளம், பப்பாளி ஆகியவற்றில் மிகுந்த விளைச்சல் தரும் செடிகளை வளர்த்துக் காட்டினார். அறிவியலாளர் சர் ச. வெ. இராமன் இவருடைய திறமையைப் பாராட்டியுள்ளார்.

தொழிற்கல்வி

1944ஆம் ஆண்டில் நாயுடு மோட்டார்த் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகினார். அதன்பின் இவருடைய கவனம் தொழிற்கல்வியில் சென்றது. இவருடைய முயற்சியாலும் நன்கொடையாலும் 1945ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும் ஆர்தர் ஹோப் பொறியியற் கல்லூரியும் தொடங்கப்பட்டன. அப்போதைய சென்னை மாகாண ஆளுநரின் பெயர் இவற்றுக்குச் சூட்டப்பட்டது. மூன்றாம் வகுப்புப் படித்த நாயுடு இதன் முதல்வராகவும் இருந்தார். இக்கல்லூரியே பின்னர் அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக வளர்ந்தது.

பாடத்திட்டம் குறித்து நாயுடுவுக்கும் அரசுக்கும் கருத்து வேறுபாடு எழுந்தது. பொறியியல் கற்க நான்கு ஆண்டுகள் தேவையில்லை, இரண்டு ஆண்டுகள் போதும் என்பது இவர் கருத்து. ஒரே நாளில் பல பிரிவு மாணவர்கள் வெவ்வேறு நேரங்களில் பட்டறையைப் பயன்படுத்தலாம் என்றும் இவர் திட்டமிட்டார். அரசு இதை ஏற்கவில்லை. நாயுடு பொறுப்பிலிருந்து விலகினார்.

இந்தக் கருத்து வேறுபாட்டில் இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. கண்முன் இருக்கும் இயந்திரத்தைக் கையாள இரண்டு ஆண்டுப் பட்டறைப் பயிற்சி போதுமானது. கண்ணுக்குத் தெரியாத மின்னணுவியலும் கணிப்பொறி நிரலும் தொழிற்சாலைக்குள் நுழைந்த காலத்தில், பட்டறைப் பயிற்சியுடன் ஏட்டறிவும் தவிர்க்க முடியாததாயிற்று.

நாயுடுவின் முறையும் மின்னணு இயந்திரங்களும்

நாயுடு மறைந்த 1974ஆம் ஆண்டில், தொழிற்சாலை இயந்திரங்கள் பெரும்பாலும் பற்சக்கரம், பட்டை, ரிலே ஆகியவற்றால் இயங்கின. அடுத்த பத்தாண்டுகளில் நிலைமை மாறியது. இன்டெல் நிறுவனம் 1976ஆம் ஆண்டில் 8048 என்னும் நுண்கட்டுப்படுத்தியையும், 1980ஆம் ஆண்டில் 8051 என்னும் நுண்கட்டுப்படுத்தியையும் வெளியிட்டது. மைக்ரோகன்ட்ரோலர் என்று பட்டறைகளில் சொல்லப்படும் இச்சில்லு, செயலியையும் நினைவகத்தையும் உள்ளீட்டு வெளியீட்டு முனைகளையும் ஒன்றாகக் கொண்டது. 8051 சில்லின் உள்ளே 4096 பைட்டு அளவுள்ள நிரலை வைக்கலாம். இயந்திரம் எப்போது நிற்க வேண்டும், எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்பதெல்லாம் பற்சக்கரத்தின் பற்களிலிருந்து இந்த நிரலுக்குள் இடம்பெயர்ந்தன.

இதன் விளைவை நூற்பாலை ஊர்களில் காணலாம். விருதுநகர் மாவட்டத்தின் இராஜபாளையத்தில் பூ. அ. ச. இராமசாமி ராஜா 1936ஆம் ஆண்டில் இராஜபாளையம் மில்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். நாயுடுவின் மின்னோடி வெளிவந்ததற்கு முந்தைய ஆண்டு அது. அறுவை மருத்துவப் பஞ்சு தயாரிக்கும் இராமராஜு ஆலை 1939ஆம் ஆண்டில் அங்கே நிறுவப்பட்டது. இவற்றைத் தொடர்ந்து இராஜபாளையத்தைச் சுற்றியும், அடுத்துள்ள திருவில்லிபுத்தூர்ப் பகுதியிலும் நூற்பும் நெசவும் பரவின. இத்தகைய ஊர்களில் பெரிய ஆலைகள் புது இயந்திரம் வாங்கும்போது, சிறிய ஆலைகள் பிறர் கழித்த இயந்திரங்களை வாங்கி ஓட்டுவது வழக்கம். இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட ரிங் பிரேமின் இரும்புப் பாகம் எதுவும் தேயாமல் நன்றாக இருக்கும். அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியில் உள்ள ஒரு கார்டு பழுதானால், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்பிண்டில்கள் ஓடும் இயந்திரம் முழுவதும் நின்றுவிடும். செய்த நிறுவனம் அந்த வகையைக் கைவிட்டிருக்கும். சில சமயம் நிறுவனமே இருக்காது. கார்டு கிடைக்காவிட்டால் நல்ல இரும்பு எடைக்குப் போகும். அதை ஓட்டியவர்களின் வேலையும் உடன் போகும்.

இங்கு நாயுடுவின் முறை பாதி வரையில் பயன்படுகிறது. முதலாவதாக, பழுது பெரும்பாலும் நுண்கட்டுப்படுத்தியில் இருப்பதில்லை. பஞ்சுத் தூசும் ஈரப்பதமும் நிறைந்த நூற்புக் கூடத்தில் இணைப்பு முனைகள் கறுத்துப் போகின்றன. ரிலேயின் தொடுமுனைகள் எரிகின்றன. மின்வழங்கியில் உள்ள மின்தேக்கிகள் காலப்போக்கில் உலர்ந்து போகின்றன. இவை யாவும் கண்ணாலும் மீட்டராலும் கண்டறியக் கூடியவை. அனுபவமுள்ள மெக்கானிக் இவற்றை முதலில் பார்த்துவிட்டே சில்லின் பக்கம் செல்வார்.

இரண்டாவதாக, சில்லின் மேல் எழுத்து அழிந்திருந்தாலும் அது எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதை அதைச் சுற்றியுள்ள இணைப்புகளிலிருந்து ஊகிக்கலாம். 40 கால்கள் கொண்ட சில்லில் 20ஆம் கால் தரையுடனும் 40ஆம் கால் 5 வோல்ட்டுடனும் இணைந்திருப்பது இரு குடும்பங்களுக்கும் பொது. துடிப்புப் படிகம் 18, 19ஆம் கால்களில் இருந்தால் அது 8051 குடும்பமாக இருக்கலாம்; 2, 3ஆம் கால்களில் இருந்தால் 8048 குடும்பமாக இருக்கலாம். 8051 குடும்பத்தில் 31ஆம் கால் தரையுடன் இணைந்திருந்தால் நிரல் சில்லுக்கு வெளியே, பக்கத்தில் உள்ள ஈப்ராம் நினைவகத்தில் இருக்கிறது என்று பொருள். 8031, 8035 என்ற எண்கள் காணப்பட்டால் உள்ளே நிரல் நினைவகமே இல்லை எனக் கொள்ளலாம். இது நல்ல செய்தி. வெளியே உள்ள ஈப்ராமை உரிய கருவியால் படித்து நகலெடுத்துக் கொள்ள முடியும். அதன் கண்ணாடிச் சாளரத்தின் மேல் ஒட்டிய தாளைக் கிழிக்கக் கூடாது. சாளரத்தின் வழியே புற ஊதா ஒளி பட்டால் நிரல் அழியும். தாளில் உள்ள பதிப்பு எண்ணும் பின்னர் தேவைப்படும். இயந்திரம் ஓடும்போதே நகல் எடுத்து வைப்பது எல்லாவற்றினும் நன்று.

சில்லின் மேல் நான்கு இலக்க எண் இருந்தால் அது பெரும்பாலும் தயாரிப்புக் காலத்தைக் காட்டும். 8823 என்பது 1988ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். அக்காலத்துத் தரவு நூலைத் தேட இது உதவும். 1970களிலும் 1980களிலும் சில்லு நிறுவனங்கள் தரவு நூல்களைத் தடித்த புத்தகங்களாக அச்சிட்டு வழங்கின. பழைய கல்லூரி நூலகங்களில் இவை கழிவாகக் கருதப்பட்டு விலக்கப்படுவது இத்துறைக்குப் பேரிழப்பு. நிறுவனங்களின் பெயர் மாற்றத்தையும் அறிந்திருக்க வேண்டும். சீமென்சின் குறைகடத்திப் பிரிவு 1999இல் இன்பினியான் ஆனது. ஹிட்டாச்சி, மிட்சுபிசி ஆகியவற்றின் பிரிவுகள் 2003இல் ரெனேசாசில் இணைந்தன. மோட்டோரோலாவின் பிரிவு 2004இல் பிரீஸ்கேல் ஆகி, 2015இல் என்.எக்ஸ்.பி.யுடன் சேர்ந்தது. அந்த என்.எக்ஸ்.பி. 2006 வரை பிலிப்ஸ் நிறுவனத்தின் பகுதி. அட்மெல்லை 2016இல் மைக்ரோசிப் வாங்கியது. மோட்டோரோலா என்று அச்சிட்ட சில்லின் தரவுத்தாளை மோட்டோரோலாவிடம் தேடுவதில் பயனில்லை. இன்டெல் தன் 8051 வரிசையின் உற்பத்தியை 2007இல் நிறுத்தியபோதும், பிற நிறுவனங்களின் இணக்கமான சில்லுகள் தொடர்ந்து கிடைப்பதால் அக்குடும்பத்து இயந்திரங்கள் பெரிதும் தப்பின.

மூன்றாவது நிலையில் நாயுடுவின் முறை நின்றுவிடுகிறது. நிரல் சில்லின் உள்ளேயே தொழிற்சாலையில் பதிக்கப்பட்டதாகவும், படிக்க முடியாதபடி பூட்டப்பட்டதாகவும் இருந்தால், அதைத் திறந்து பார்ப்பதால் பட்டறையில் எதுவும் தெரியவராது. மேலே உள்ள எண் இயந்திர நிறுவனம் தனக்கென வைத்த எண்ணாக இருக்கும். எந்தத் தரவு நூலிலும் அது இராது. சில்லின் வகையைக் கண்டுபிடித்துப் புதிய ஒன்றை வாங்கினாலும் அது வெற்றுச் சில்லு. அப்போது எஞ்சியுள்ள வழிகள் இரண்டே. அதே வகைப் பழைய இயந்திரம் ஒன்றிலிருந்து கார்டை எடுப்பது ஒன்று. இயந்திரத்தின் உணரிகளும் மோட்டார்களும் எந்த வரிசையில் இயங்கின என்பதை ஓட்டியவர்களிடம் கேட்டு எழுதி, புதிய கட்டுப்பாட்டுக் கருவிக்கு நிரல் அமைப்பது மற்றொன்று. இரண்டாம் வழியில் ஃபிட்டரின் நினைவே தரவுத்தாளாகிறது. அவர் ஓய்வுபெறுவதற்கு முன் அது எழுதப்பட வேண்டும்.

இறுதிக்காலமும் மறைவும்

பிற்காலத்திலும் நாயுடு புதியன செய்து காட்டுவதை விடவில்லை. 1967ஆம் ஆண்டில் ஒரு வீட்டைக் காலையில் அடித்தளமிட்டு மாலைக்குள், 11 மணி நேரத்தில் கட்டி முடித்தார். கோயம்புத்தூரில் தொழில்நுட்பப் பொருட்காட்சி ஒன்றை அமைத்து, தாம் உலகெங்கும் சேர்த்த கருவிகளையும் தம் ஆக்கங்களையும் அதில் வைத்தார். 1974ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் காலமானார். இவருடைய மகன் கோபால் தந்தையின் தொழில்களையும் அறக்கட்டளைப் பணிகளையும் தொடர்ந்தார்.

நினைவுகள்

கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் உள்ள பொருட்காட்சி ஜி. டி. நாயுடு அறக்கட்டளையின் பொறுப்பில் உள்ளது. இதனுடன் இணைந்த ஜீடி கார் அருங்காட்சியகம் 2015ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. பழைய வாகனங்கள் ஓடும் நிலையில் பேணப்படுவது இதன் சிறப்பு. இவரைப் பற்றி எடுக்கப்பட்ட ஆவணப்படம் ஒன்று 66ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் பரிசு பெற்றது. அவிநாசி சாலையில் உப்பிலிபாளையம் முதல் கோல்ட்வின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் நீளத்திற்குக் கட்டப்பட்ட மேம்பாலத்திற்கு ஜி. டி. நாயுடு மேம்பாலம் எனப் பெயரிடப்பட்டு, 2025ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள் திறக்கப்பட்டது.